பன்றிக்குச் செய்த அம்பு

போன வாரம் என் இளைய மகன் குடைக்கம்பியைத் தீட்டி அம்பு செய்து, அறைக் கதவில் எய்து பார்த்திருக்கிறான். சத்தம் கேட்டு ஓடினேன். "எவ்வளவு ஆழமாப் போயிருக்கு பாரும்மா" என்று பெருமையாகக் காட்டினான். அவனை அடித்து, பிறகு கட்டிக்கொண்டு, மறுபடி அடித்தேன். அன்று முதல் வீட்டிலுள்ள கூர்மையான சாமான் எல்லாம் பெட்டிக்குள் போய்விட்டது. தேங்காய் உடைக்க அரிவாள் வேண்டுமென்றால் என்னிடம் சாவி கேட்க வேண்டும். பிள்ளைகள் சிரிக்கிறார்கள், கணவரும் சேர்ந்து சிரிக்கிறார். நான் இப்படி ஆனதற்கு என் தாய்மாமாதான் காரணம் என்று நினைத்திருந்தேன். யோசித்துப் பார்த்தால் ஒரு பன்றிக்கும் பங்கு உண்டு.

அப்போது எனக்கு எட்டு வயது இருக்கும். ரங்கூனுக்கு வடக்கே இன்சீனில், ரயில் பட்டறைக்குப் பின்னால் இருந்த வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். பலகைத் தரை, மூங்கில் தட்டிச் சுவர், தகரக் கூரை. அப்பா பட்டறையில் ஃபிட்டர். கொல்லையில் அம்மா சர்க்கரைவள்ளி போட்டிருந்தாள். அதை ஒட்டிப் பக்கத்து வீட்டு பர்மியப் பெரியவரின் வாத்துக் குட்டை. அதற்கு அப்பால் மூங்கில் காடு. பெரியவரை மற்றவர்களைப் போல நாங்களும் 'ஊலே' என்று கூப்பிடுவோம். பர்மிய மொழியில் அது மாமா முறை.

சொந்த மாமா, அம்மாவின் தம்பி, என் தம்பி பிறந்த சமயத்தில் அக்காவைப் பார்க்கக் கப்பலேறி வந்தவர். வந்தவர் திரும்பவில்லை. அப்பா அவருக்குத் துறைமுகத்தில் வேலை வாங்கிக் கொடுத்தார். மழை பெய்தது என்று மாமா விட்டுவிட்டார். அப்பா அரிசி ஆலையில் சேர்த்துவிட்டார். தவிடு மூக்கில் ஏறுகிறது என்று வந்துவிட்டார். ட்ராமில் டிக்கெட் கிழிக்கும் வேலை அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் தெரிந்தவர்களிடமெல்லாம் காசு வாங்க வெட்கமாயிருக்கிறது என்று வாங்காமலே விட்டதில், ட்ராம்காரர்களுக்கு அவரைப் பிடிக்காமல் போயிற்று. எனக்கு அவரைப்போல் ஒருவர் உலகத்தில் இல்லை. மாலையில் அப்பா வந்ததும் வீடு அமைதியாகிவிடும். மாமா இருந்த பகலெல்லாம் திருவிழா.

இப்படியிருக்க, காட்டுப்பன்றி ஒன்று விடியற்காலையில் வந்து சர்க்கரைவள்ளியைக் கிளறத் தொடங்கியது. வேலியை முட்டிச் சாய்த்துவிட்டுச் சாவகாசமாகத் தின்றது. மாமா கல் எறிந்தார். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அந்தப் பன்னிக்குக்கூட உன் தம்பி மேல மரியாதை இல்லை" என்றார் அப்பா. "போதும். ஊருக்கு அனுப்பிடலாம்."

அம்மா அழுதாள். கடல் தாண்டி வந்த இடத்தில் அவளுக்குப் பிறந்த வீட்டு மனிதர் என்று இருந்தது மாமா ஒருவர்தான். "ஒரு சந்தர்ப்பம் குடுங்க. அவன் கெட்டிக்காரன்தான். தோதான வேலை இன்னும் அமையலை" என்றாள்.

"சரி. அந்தப் பன்னியை ஒழிக்கட்டும். ஒழிச்சா இங்கேயே இருக்கட்டும். இல்லைன்னா அடுத்த மாசம் கப்பல்."

துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டும்; மாமாவுக்கு யார் கொடுப்பார்கள்? ஊலே தன் வீட்டுக் கூரையில் செருகியிருந்த பழைய வில் ஒன்றையும், சுண்டுவிரல் கனத்தில் சில மூங்கில் அம்புகளையும் கொடுத்தார். அவை புறா அடிக்கிற அம்புகள். மறுநாள் விடியற்காலையில் மாமா வேலியோரம் பதுங்கி எய்தார். நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். அம்பு பறந்து போய்ப் பன்றியின் தோளில் சரியாகப் பட்டது. பட்டு, கீழே விழுந்தது. பன்றி அதை முகர்ந்து பார்த்துவிட்டுக் கிழங்குக்குத் திரும்பியது.

"அது தோல் இல்லை, அத்தான். பாய்லர் தகடு!" என்றார் மாமா.

அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. பாய்லர் தகடு என்றால் அது அப்பாவின் விஷயம். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் அம்பை வாங்கி உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார்.

"இதுல கனமே இல்லையேடா. காலி வேகனைத் தள்ளிவிட்டா என்ன ஆகும்? வேகமாத்தான் போகும். போய் இடிச்சுட்டுத் திரும்பி வரும். லோடு ஏத்தின வேகன் மெதுவாத்தான் போகும். ஆனா நிக்குமா? எதிர்ல இருக்கிறதையும் தள்ளிக்கிட்டுல்ல போகும்!"

அன்றைக்குச் சோறு பாதியில் நின்றது. மாமாவைக் கப்பலேற்றத் துடித்தவரே அவருடைய அம்புக்குப் பாரம் ஏற்ற உட்கார்ந்துவிட்டார். கோணலாகச் செய்த சாமானைப் பார்த்தால் அப்பாவுக்குத் தூக்கம் வராது.

முதலில் மூங்கிலுக்குள் ஈயம் உருக்கி முழுக்க ஊற்றினார்கள். அந்த அம்பு வில்லை விட்டுக் கிளம்பி, மாமாவின் காலடியிலேயே படுத்துக்கொண்டது. "பாரம் முன்னாடி மட்டும்தான் இருக்கணும்" என்று அப்பா சந்தைக்குப் போய்ப் பித்தளைக் கம்பி வாங்கி வந்து, முனைப் பக்கம் மட்டும் நுழைத்தார். இப்போது மெல்லிய மூங்கில் அந்தப் பாரம் தாங்காமல் வளைந்தது; அம்பு குடிகாரன் போல ஆடி ஆடிப் போய் வேலியில் விழுந்தது. பிறகு கணு நெருங்கிய கெட்டி மூங்கிலாக வெட்டி, தணலில் காட்டி நிமிர்த்தி, நூல் சுற்றி, அதன் மேல் கறுப்பு அரக்குப் பூசினார்கள். தேய்ந்த அரம் ஒன்றைத் தீட்டி முனை செய்தார் அப்பா. கனமான அம்புக்குப் பெரிய இறகு வேண்டும் என்று மாமா சொன்னார். அது என் இலாகா. குட்டையோரம் காத்திருந்து வாத்துகள் உதிர்த்ததைப் பொறுக்கினேன். உதிர்க்காதவற்றுக்குக் கொஞ்சம் உதவியும் செய்தேன்.

"உன் மாமா பன்னி அடிக்கிறதுக்குள்ள என் வாத்தெல்லாம் மொட்டையாப் போயிடும்" என்று ஊலே வேலிக்கு மேலாகத் தலையில் அடித்துக்கொண்டார்.

இதற்குள் மாதம் முடியும் நேரமாகிவிட்டது. பன்றியும் பாத்தியில் பாதியை முடித்திருந்தது. ஆனால் கெட்டி அம்பு ஒன்றுதான் ஒழுங்காக அமைந்தது. அதை நேரே பன்றி மேல் எய்து வீணாக்கக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். பட்டறையில் எதையும் சோதித்த பிறகுதான் வெளியே விடுவார்களாம். ஆகவே ஒரு பன்றி தயாராயிற்று. கோணிச் சாக்கில் ஈர உமியைத் திணித்து, அதன்மேல் தேய்ந்துபோன தோல் பெல்ட்டைச் சுற்றிக் கட்டினார்கள். நான் கரியால் கண் வரைந்தேன். மாமா வால் வைத்தார்.

அதை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. குட்டைப் பக்கம் வைத்தால் வாத்துகள் இருந்தன. காட்டுப் பக்கம் வைத்தால், குறி தவறினால் ஒரே அம்பும் புதரில் போய்விடும். "வீட்டுச் சுவர்ல சாய்ச்சு வை. எங்கேயும் ஓடாது" என்றார் அப்பா. மாமாவும் தலையாட்டினார். அம்பு துளைக்க வேண்டும் என்று மாதம் முழுக்கப் பாடுபட்ட இரண்டு பேருக்கும், அது துளைத்துவிட்டால் பிறகு எங்கே போகும் என்று தோன்றவில்லை. எனக்கும்தான்.

ஞாயிற்றுக்கிழமை பகல். மாமா வில்லை வளைத்தார். "இன்னும் இழு, இழு" என்று அப்பா கத்தினார். "கண்ணுக்குக் கீழே மாமா!" என்று நான் கத்தினேன். ஊலே வேலிக்கு மேலே ஏறி நின்று பர்மிய மொழியில் ஏதோ கத்தினார்.

"குழந்தை தூங்குது, ஏன் இப்படிக் கத்துறீங்க?" என்று அம்மாவின் குரல் உள்ளேயிருந்து வந்தது. யாரும் கேட்கவில்லை. மாமா அம்பை விட்டார்.

சாக்கு ஒரு தடவை குலுங்கியது. அம்பைக் காணோம். பன்றியின் தோளில் சுத்தமாக ஒரு துளை மட்டும் இருந்தது. சாக்கை நகர்த்தினால் தட்டிச் சுவரிலும் ஒரு துளை.

"போயிடுச்சு! அக்கா, போயிடுச்சு!" மாமா என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். அப்பா அவர் முதுகில் ஓங்கித் தட்டினார். அப்பா அவரைத் தொட்டு நான் பார்த்ததே அன்றைக்குத்தான். மாமா இனி எங்கேயும் போகமாட்டார் என்று நான் குதித்துக்கொண்டே உள்ளே ஓடினேன்.

உள்ளே அம்மா தரையில், தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் தம்பி. நாங்கள் போட்ட கூச்சலில் விழித்து அழுதவனைத் தூக்கிப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர்களுக்கு எதிரே, கூரையிலிருந்து தொங்கிய தூளியின் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளிவந்து, அரிசிப் பெட்டியின் பலகையில் குத்தி நின்றது எங்கள் அம்பு.

"அம்மா! சாக்கு, சுவரு, தூளி, எல்லாத்தையும் தாண்டிப் போயிருக்கு!" என்றேன்.

பின்னாலேயே வந்த அப்பா நேரே பெட்டியிடம் போய், முனை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று கட்டைவிரலை வைத்து அளந்தார். பிறகு அம்பின் வழியே கையைப் பின்னுக்குக் கொண்டுவந்தார். தூளித் துணியில் விரல் பட்டதும் கை நின்றுவிட்டது. மாமா வாசற்படியிலேயே நின்றார். வில் அவர் கையிலிருந்து நழுவியது.

அம்மா யாரையும் திட்டவில்லை. தம்பி பால் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, வாயைத் துடைத்துவிட்டுக் கேட்டாள்:

"கப்பல் என்னைக்குங்க?"

"இல்லை, இப்ப அம்புதான் சரியா..." என்று அப்பாவே தடுமாறினார்.

"என்னைக்குன்னு கேட்டேன்."

அந்த வாரமே மாமா போனார். துறைமுகத்தில் அம்மா அவரைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையைப் பார்த்து எனக்கு ஆத்திரமாக வந்தது. அம்பு சரியாகத்தானே போயிற்று? இவ்வளவு அழுகிறவள் ஏன் அனுப்ப வேண்டும்? வீட்டுக்கு வந்து பல நாள் அவளோடு பேசவில்லை. மீதிக் கிழங்கையும் பன்றி தின்று தீர்த்தது.

அம்மா தூளிக்கு வேறு சேலை கட்டினாள். அதன் பிறகு தம்பியைக் கிடத்தும் ஒவ்வொரு முறையும், ஒரு கையில் அவனைப் பிடித்துக்கொண்டு மற்றொரு கையை உள்ளே விட்டு, துணியை மூலை முடுக்கெல்லாம் தடவிப் பார்ப்பாள். சில சமயம் அவன் தூங்கிப் பாரமாகித் தோளில் சாய்ந்த பிறகும் தடவிக்கொண்டே நிற்பாள். எறும்பு இருக்கிறதா என்று பார்க்கிறாள் என்று நினைத்தேன். கோபம் தீர்ந்த ஒரு நாள், அவளுக்கு ஒத்தாசையாக இருக்கட்டுமென்று, தூளிக்குக் கீழே சுற்றி வட்டமாக மஞ்சள்தூள் போட்டுவைத்தேன்.