பழைய கொம்பியூட்டரை மொனிட்டராக்கிப் பட்ட பாடு

வீட்டில் இருந்தபடி கலியாணக் காட், நினைவுக் காட் என்று வடிவமைத்துக் கொடுக்கும் தொழிலில் முதலில் ஆட்டம் காண்பது நம் கதிரையின் முதுகுதான். வருகிற ஒவ்வொருவரும் அதைப் பிடித்துக்கொண்டுதான் லெப்டொப்புக்குள் எட்டிப் பார்ப்பார்கள். என்னோடு இதே சிலுவையைச் சுமக்கிறவர்களுக்கு மிச்சத்தை விளக்கத் தேவையில்லை. சின்னத் திரையில் பாதியைப் பார்த்து, "ஓம், எல்லாம் சரி" என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள். அச்சடித்து வந்த பிறகுதான் மண்டபத்தின் பெயர் மாறியிருப்பது கண்ணில் படும்.

சிலாபம் டவுனில் எனக்கு வேலை தரும் அச்சக முதலாளி ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: இன்னொரு காட் பிழையென்று திரும்பி வந்தால் வீட்டு வேலை கிடையாது, கடைக்கு வந்து இருந்து செய்ய வேண்டும். என் மகனுக்கு இப்போதுதான் தவழ வருகிறது. கன்வென்டில் சிஸ்டர்மார் எனக்கு ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்பது வரை சொல்லித் தந்தார்கள். பயப்படாமல் இருப்பதை மட்டும் பாடத்தில் சேர்க்கவில்லை. பிள்ளையை விட்டுவிட்டு பஸ் ஏறுவதை நினைத்தாலே பயம். ஆகவே, வருகிறவர் எதிரே இருந்து முழுக் காட்டையும் பார்க்கப் பெரிய திரை ஒன்று வேண்டியிருந்தது.

பேசும், கேட்காது

நுரைச்சோலையில் வேலை செய்யும் என் கணவர், அங்கே ஒரு கொந்தராத்துக்காரரின் ஒபிசில் கழித்துவிட்ட பழைய கொம்பியூட்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். திரையும் கொம்பியூட்டரும் ஒரே உடம்பாக இருக்கும் ஓல்-இன்-வன் ரகம். "வயரைக் கொழுவினால் மொனிட்டர்" என்றார். கொழுவினோம். கறுப்பு. பின்பக்கத்து எச்டிஎம்ஐ துளை படத்தை வெளியே அனுப்பத்தான், உள்ளே வாங்காது என்று நான் வாசித்துக் கண்டுபிடிப்பதற்குள், அவர் விதம்விதமாக வயர் வாங்கி முடித்துவிட்டார்.

பேசும், கேட்காது. கலியாணம் கட்டியவர்களுக்கு இந்த வகை இயந்திரம் புதிதல்ல. வயரில் பிழையில்லை என்று வயர் விற்ற கடைக்காரரிடமே போய் விளக்கினேன். மிகப் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "விளங்குது தங்கச்சி. அப்ப நீங்க இந்தத் தங்க முனை வெச்ச வயரத்தான் போட்டுப் பாக்கணும்."

பாஸின் வைத்தியம்

அடுத்து, டிவி திருத்துகிறவர் ஒருவரை, எங்கள் பேச்சில் பாஸ், என் கணவரின் அம்மாவான மாமி கூட்டிவந்தார். உள்ளே இருப்பதையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, திரைக்கு மட்டும் புது போர்ட் ஒன்று பொருத்தினால் அசல் மொனிட்டர் ஆகிவிடும் என்றார் அவர். உண்மைதான், அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பாஸ் அதோடு நிற்கவில்லை. போர்ட் வெளியே தொங்கட்டும், கரண்ட் பகுதிக்கு மூடி எதற்கு, காற்றோட்டம் நல்லதுதானே என்று அடுக்கிக்கொண்டே போனார்.

அது தொங்கப்போகிற இடம், என் மகன் பிடித்துக்கொண்டு எழும்பப் பார்க்கிற அதே மேசைக்கால். பிள்ளை கை வைத்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். பாஸ் என்னைத் தேற்றினார்: "பயப்படாதீங்க தங்கச்சி, ஒருக்காத் தொட்டா பிறகு தொட மாட்டான்."

பிந்தி வந்த மாப்பிள்ளை

கடைசியில் எதையும் வெட்டாமலே வழி பிறந்தது. பழையது கொம்பியூட்டராக இன்னும் உயிரோடுதானே இருந்தது? இரண்டையும் ஒரே வைஃபையில் சேர்த்து, லெப்டொப்பில் தெரிவதை அதிலும் காட்டுகிற வசதியைத் திறந்தேன். இடையில் வயரே இல்லை. ஒரே குறை, நான் இங்கே செய்வது அங்கே கொஞ்சம் தாமதித்துத்தான் போய்ச் சேரும்.

முதலில் எதிரே வந்து இருந்தவர், மகளின் கலியாணக் காட்டுக்கு வந்த மீன் முதலாளி. திரையின் பின்பக்கம் எட்டிப் பார்த்து, லெப்டொப்பில் இருந்து வயர் வரவில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டார். மகளின் பெயர் ஏற்கனவே திரையில் இருந்தது. மாப்பிள்ளையின் பெயரைத் தட்டினேன். அவர் காத்திருந்தார். பிறகு கவலையோடு சொன்னார்: "மகளே, பொண்ணுட பேரு எப்பவோ வந்து குந்திட்டு, மாப்புளட பேரு இன்னும் வந்து சேரல்ல. அவங்கட ஆக்கள் பாத்தாக் கோவிப்பாங்க."

மாமியின் துணி

மாமிக்கு அது டிவிதான். எங்கள் கரையில் டிவிக்கு உப்புக்காற்றுப் படாமல் பூவேலைத் துணி போர்த்துவது வழக்கம். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்பக்கம் முழுவதையும் இழுத்துப் போர்த்திவிட்டார். உச்சியில் மாதா சுரூபம் வைக்கவும் பார்த்தார். திரை மெல்லியதாக இருந்தபடியால் மாதா தப்பினார். திரை தப்பவில்லை. வெக்கை பிடித்து, வந்தவர்கள் முன்னாலேயே அணைந்துபோனது.

சூடு வெளியேற வழி வேண்டும் மாமி என்று பணிவாகச் சொன்னேன். மாமி என் மடியில் இருந்த மகனைக் காட்டிக் கேட்டார்: "நீ இவனுக்கு மூண்டு சட்டை போட்டு வச்சிருக்கிற, இவன் என்ன அணைஞ்சா போனான்?"

நாலு பிள்ளைகளும் ஒரு அப்பாவும்

அடுத்து வந்தது, ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் பூசைக்கான நினைவுக் காட். இறந்தவர் தனியே நின்று ஒருநாளும் படம் எடுத்ததில்லை. இத்தாலியில் இருக்கும் மூத்த மகன் ஒரு கலியாணக் கூட்டுப்படத்தை அனுப்பி, "கோட் போட்டிருக்கிறவர்தான் அப்பா" என்றார். படத்தில் கோட்டுகள் இரண்டு இருந்தன. முன்னால் நின்றதை வெட்டி எடுத்தேன்.

மூன்று பிள்ளைகள் திரைக்கு எதிரே, மூத்தவர் போனில். யார் பெயர் மேலே, மூத்தவர் பெயருக்குப் பக்கத்தில் இத்தாலி வருமா, அப்படியென்றால் மருமகனின் உத்தியோகமும் வர வேண்டாமா? தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன், ஆறியது. தங்களுக்குள் வாய்ச்சண்டை பிடித்து ஓய்ந்து, "ஓம், சரி, அச்சுக்குக் குடுங்கோ" என்றார்கள். அரைத் திரைக்குப் படம் நின்றது. நான் அச்சகத்துக்கு அனுப்பக் கை வைத்தேன். கதவடியில் இருந்து என் மகனுக்கு விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்த அவர்களுடைய அம்மா, பிள்ளையை என்னிடம் தர வந்தவர், திரையைப் பார்த்து நின்றார்: "இது என்ட மனுசன்ட தம்பியெல்லோ, பிள்ளை? ஆள் உயிரோட இருக்கு, பூசைக்கும் வருவார்."

படத்தை மாற்றி அனுப்பியதால் அந்தக் காட் திரும்பி வரவில்லை, மகனும் இதோ என் பக்கத்திலேயே தூங்குகிறான். ஆனால் திரையை எவ்வளவு பெரிதாக்கினாலும் ஆட்கள் அதில் தங்கள் பெயரைத்தான் பார்ப்பார்கள் என்பதால், இப்போதெல்லாம் வருகிற கூட்டத்தில் எதற்கும் சண்டை பிடிக்காதவர் யாரென்று தேடி, அவரைத்தான் முதலில் எதிரே இருத்துகிறேன்.