டிங்கர் பாஸிடம் போட்ட சண்டை

என் பழைய பிக்கப்பின் முன் சக்கரத்தை மூடும் மட்காட் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. குருவிட்டையில் வண்டித் தகர வேலை செய்யும் ஒரு டிங்கர் பாஸிடம் விட்டேன். மூன்று வாரமாக எப்போது போனாலும் வண்டி அப்படியே நின்றது. மரக்கறி ஏற்ற வழியில்லாமல் என் வியாபாரம் படுத்துவிட்டது. பொறுமையிழந்து, நாலு பேர் முன்னால் அவரைத் திட்டிவிட்டு வண்டியை எடுத்து வந்தேன். நானே தகரம் வெட்டி ஒட்டி, பட்டி பூசினேன். தோட்டத்து ரோட்டில் முதல் நாளே எல்லாம் கழன்று விழுந்தது.

வேறு வழியில்லாமல் திரும்பிப் போனேன். பாஸ் உள்ளே போய், புதுத் தகட்டில் கையால் அடித்துச் செய்த மட்காட் ஒன்றைத் தூக்கி வந்தார்.

"இந்த மாடலுக்கு எங்கயும் கிடைக்கலைங்க, அதான் நானே அடிச்சேன். நீங்க வண்டிய எடுத்துட்டுப் போறப்ப பாதிதான் முடிஞ்சிருந்துச்சு."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே பாஸ்?"

"நீங்க எங்க கேட்டீங்க? திட்டிட்டுப் போயிட்டீங்க."

அத்தனை தடவை போயும், அவர் கையில் என்ன வேலை இருக்கிறது என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை.