ஒரு கீறல்கூட விழக் கூடாது

வண்டி வந்து இறங்கிய அன்று பக்கத்து வீட்டு ஆன்டி வெளியே வந்து பார்த்துவிட்டு, "அம்மாடி, இது காரா, வீடா?" என்று கேட்டார். எனக்கு வாயெல்லாம் பல். ஐம்பத்து நான்கு வயதில், ஒண்டிக்கட்டைப் பெண்ணாக, யாரிடமும் யோசனை கேட்காமல் நானே போய்ப் பார்த்து வாங்கிய எஸ்யூவி அது. வெள்ளை நிறம். ஏறி உட்காரக் கைப்பிடியைப் பிடித்து ஒரு எம்பு எம்ப வேண்டும்.

உனக்கெதற்கு இவ்வளவு பெரிய வண்டி என்று கேட்காதவர் இல்லை. கிள்ளானில் இருந்து தெலுக் பங்லிமா காராங்கில் உள்ள பெட்டி தயாரிக்கும் தொழிற்சாலைக்கு இருபது வருடத்துக்கு மேலாக ஓட்டுகிறேன். அந்தச் சாலை முழுக்க கொள்கலன் லோரிகள். என் பழைய குட்டிக் காரில் இருந்து பார்த்தால் இடப்பக்கமும் டயர், வலப்பக்கமும் டயர். ஹாரன் அடித்துத் தள்ளிக்கொண்டு போவார்கள், நான் வாய்க்குள்ளேயே திட்டிக்கொள்வேன். சாவதற்குள் ஒரு நாளாவது ஒரு லோரிக்காரன் முகத்துக்கு நேராக உட்கார்ந்து அவனை முறைக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

ஆசை இருந்தது. ஆனால் வண்டியை வாசல் கேட்டுக்குள் நுழைக்கும்போது பாதியிலேயே நிறுத்திவிட்டேன். மூக்கு எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. இடப்பக்கம் எங்கேயோ அடுத்த தெருவில் இருப்பதுபோல் தோன்றியது. உள்ளே விட்ட பிறகு கதவைத் திறக்க இடமில்லை. அண்ணி கறிவேப்பிலைத் தொட்டியை நகர்த்தும் வரை நான் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

இதையெல்லாம் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார் அண்ணன். அரசாங்க அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் மூவரும் ஒரே வீடு. எதையும் கோப்பு மாதிரி ஒழுங்காக முடிவு செய்து கையெழுத்துப் போட்டால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

"நீ இத ஓட்ட மாட்ட. ஷா ஆலாம்ல நம்ம பையன் ரெண்டு பிள்ளைங்கள வச்சிக்கிட்டு கஷ்டப்படுறான். அவன் இத எடுத்துக்கட்டும், அவன் கார நீ எடுத்துக்க" என்றார். பையன் என்பது அவர் மகன். பாசமான பிள்ளைதான், அதற்காக என் வண்டியா?

"அண்ணே, இது என் வண்டி."

"சரி, வெள்ளிக்கிழம பிரிக்பீல்ட்ஸ் கோயில்ல பூச. நீயே ஓட்டிட்டுப் போ, நீயே ஓட்டிட்டு வா. ஒரு கீறல்கூட விழக் கூடாது. விழுந்தா பையன் காரோட மாத்திடணும். சம்மதமா?"

எனக்குக் கோபம் வந்தால் வாய் முந்திக்கொள்ளும். "சம்மதம்!" என்று கத்திவிட்டேன். அவர் உடனே இரண்டாவது சாவியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

எங்கள் அப்பா ரயில்வேயில் இருந்தபோது தலைநகரில், பிரிக்பீல்ட்ஸில்தான் குடியிருந்தோம். அதனால் வீட்டில் எந்த வண்டி வாங்கினாலும் பூசை அந்தக் கோயிலில்தான். கிள்ளானில் கோயிலே இல்லாத மாதிரி!

அந்த வாரம் எனக்குக் கைகொடுத்தது வண்டியின் கேமரா. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, பக்கக் கண்ணாடிகளுக்கு அடியில் ஒவ்வொன்று. நான்கும் சேர்ந்து, வண்டியை மேலே இருந்து பார்ப்பதுபோல் திரையில் படம் காட்டின. பம்பரில் பொத்தான் பொத்தானாக இருந்த சென்சார்கள் எது கிட்டே வந்தாலும் கீங் கீங் என்று கத்தின. புதன்கிழமைக்குள் நான் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதையே விட்டுவிட்டேன். திரையைப் பார்த்தே கேட்டுக்குள் நுழைத்தேன், தொழிற்சாலையில் கோட்டைத் தாண்டாமல் நிறுத்தினேன். தலைகால் புரியாத சந்தோஷம். லோரிக்காரர்களை முறைக்கத்தான் இன்னும் தைரியம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். அண்ணி பின்னால், அண்ணன் என் பக்கத்தில். பெடரல் ஹைவே முழுக்க அவர் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். மோட்டார் சைக்கிள்கள் இரண்டு பக்கமும் சீறிக்கொண்டு போயின. எனக்கோ உள்ளுக்குள் ஒரே குதியாட்டம். பிரிக்பீல்ட்ஸில் கோயில் சந்துக்குள் திரையைப் பார்த்துப் பார்த்து வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். பூக்கடை அக்கா தன் வாளியை உள்ளே இழுத்துக்கொண்டார்.

குருக்கள் மாலை போட்டார், தீபம் காட்டினார், பூசணிக்காய் உடைத்தார். நான்கு டயருக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து, "ஏறிப் போங்கம்மா" என்றார். பழைய காரில் ஒவ்வொரு பழமும் நசுங்குவது காலில் தெரியும். இதில் ஒன்றுமே தெரியவில்லை. "நசுங்கிச்சா?" என்று நான் தலையை நீட்டிக் கேட்க, "சட்னியே ஆயிருச்சு" என்று பூக்கடை அக்கா சிரித்தார்.

அதற்குள் அண்ணன் சந்தனக் கிண்ணத்தோடு வண்டியைச் சுற்றி வந்துவிட்டார். எதையும் அரைகுறையாகச் செய்யாதவர் அல்லவா? எங்கெல்லாம் வட்டமாக ஒன்றைக் கண்டாரோ அங்கெல்லாம் கெட்டியாகச் சந்தனம், நடுவில் குங்குமம். பம்பரில் இருந்த அத்தனை சென்சாருக்கும் பொட்டு. முன் கேமராவுக்கு, பின் கேமராவுக்கு, பக்கக் கண்ணாடிகளின் அடியில் விரலை விட்டு அங்கேயும்.

இறங்கிச் சாமி கும்பிட்டுவிட்டு நான் மறுபடி ஏறி உட்கார்ந்து ரிவர்ஸ் போட்டேன். திரை முழுக்க மஞ்சள், நடுவில் ஒரு சிவப்பு வட்டம். சென்சார்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஓலமிட்டன.

"ஐயோ அண்ணே, என்ன செஞ்சு வச்சிருக்கீங்க! அது வண்டியோட கண்ணு!"

வேண்டுமென்றே செய்தாரோ என்று ஒரு கணம் சந்தேகப்பட்டேன். இல்லை, பாவம், அவருக்கே முகம் வெளுத்துவிட்டது.

"தொடச்சிடுறேன்" என்று நான் துணியை எடுத்தேன்.

"பூசையில வச்ச பொட்ட சாமி வாசல்லயே அழிப்பியா? வீட்டுக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் கை வைக்கக் கூடாது" என்றார் அண்ணன். அவரைத் திட்டலாம், ஆனால் என் கையும் நகரவில்லை. துணியை மடித்து வைத்துவிட்டேன்.

பின்னால் எடுக்காமல் முன்னாலேயே போய்விடலாம் என்றால், அங்கே ஒரு லோரி அரிசி மூட்டை இறக்கிக்கொண்டு வழியை அடைத்திருந்தது. அதன் டிரைவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். முகத்துக்கு முகம், ஒரே உயரம். இத்தனை வருடம் காத்திருந்த முறைப்பை முறைக்கலாம் என்று நினைத்தேன். "அக்கா, அரை மணி நேரம் ஆகும் லா. பின்னாலயே எடுத்துருங்களேன்" என்றார், அவ்வளவு மரியாதையாக. எனக்கு முறைக்க வரவில்லை.

"எறங்கு, நான் எடுக்கிறேன்" என்றார் அண்ணன்.

"நீங்க எடுத்தா வண்டி ஷா ஆலாமுக்குப் போயிரும். ஏறி உக்காருங்க, வாயத் தொறக்காதீங்க." எங்கள் அண்ணனிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை. அவர் ஏறி உட்கார்ந்து பெல்ட்டும் போட்டுக்கொண்டார்.

ஜன்னல் கண்ணாடியை முழுக்க இறக்கினேன். முப்பது வருடமாகச் செய்ததைச் செய்தேன்: திரும்பி, கழுத்தை வளைத்து, பின்னால் பார்த்தேன். அடடா, எவ்வளவு தெரிகிறது! குட்டிக் காரில் இருந்து பார்த்தே இராத சந்து முழுவதும், சாக்கடை ஓரம், வாளிகள், நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிள்கள், எல்லாம் எனக்குக் கீழே விரிந்து கிடந்தன. இடப்பக்கக் கண்ணாடியில் சாக்கடை விளிம்பை மட்டும் பிடித்துக்கொண்டு, ஓர் அடி, இன்னும் ஓர் அடி என்று நகர்த்தினேன். "வாங்கக்கா, இருக்கு, இருக்கு, வாங்க" என்று பூக்கடை அக்கா கை காட்டினார். சாலையில் வண்டி நேரானதும் லோரிக்காரர் கட்டைவிரலை உயர்த்தினார். நான் ஹாரனை ஒரு தட்டுத் தட்டினேன். அந்தச் சத்தம் இருக்கிறதே, என்ன ஒரு கம்பீரம்!

கிள்ளான் வரை திரையைப் பார்க்கவே இல்லை. கேட்டுக்குள்ளும் கண்ணால் பார்த்துத்தான் விட்டேன். தொட்டியில் ஓர் இலைகூட அசையவில்லை.

அண்ணன் இறங்கியதும் இறங்காததுமாக மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வண்டியைச் சுற்றினார். இடது பின்கதவருகே நின்றுவிட்டார். நானும் ஓடிப்போய்ப் பார்த்தேன். விரல் நீளத்துக்கு மெல்லிய கோடு. ஒரு வாரத்து ஆசை, இருபது வருடத்து ஆசை, எல்லாம் அந்தக் கோட்டில் போய்விட்டது என்றே நினைத்தேன்.

அவர் குனிந்து, விரலை எச்சில் தொட்டு, கோட்டைத் தேய்த்தார். கோடு விரலோடு வந்துவிட்டது. முகர்ந்து பார்த்தார்.

"சந்தனம்" என்றார்.

நான் கையை நீட்டினேன். சட்டைப் பையில் இருந்து சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அண்ணி வாசலில் நின்று கைதட்டினார்.

"நாளைக்கு அண்ணியக் காய்கறி வாங்கப் பாசாருக்குக் கூட்டிட்டுப் போறேன். நீங்களும் வாங்கண்ணே" என்றேன். "ஆனா முன் சீட்டு அண்ணிக்கு. பிரேக் மிதிக்கிறவங்க எல்லாம் பின்னால."