குடிக்காதவன் குடியை விட்ட கதை

கள்ளோ சாராயமோ என் நாக்கில் ஒரு சொட்டுப் பட்டதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் வீட்டாரையும் தோல் டொக்டரையும் தவிர எங்கள் ஊர் இணுவிலில் ஒருவரும் இதை நம்புவதில்லை.

ஐம்பது வயது தாண்டியதும் என் மூக்கும் கன்னமும் கறுத்துச் சிவந்து பருக்கள் எழும்பின. வெயிலில் சைக்கிள் மிதித்துப் பள்ளிக்கூடம் போனால் முகம் எரியும். கணக்குப் படிப்பிக்கிறவனுக்கு இந்த வயதில் என்ன பரு என்று எனக்கே எரிச்சல். பாமசியில் கேட்டு ஒரு கிறீம் பூசினேன். முதல் கிழமை முகம் பளபளத்தது. பிறகு, பூசாத நாளில் அடுப்புக்குள் முகத்தை நீட்டியதுபோல எரிந்தது. மூக்கும் தடித்துவிட்டது. ஊருக்கு அது போதும். "மாஸ்டர் பின்னேரத்திலை போடுறார் போலை" என்று சந்திக் கடையில் தொடங்கிய கதை கோயில் வீதி வரை போனது. ஊர்வாயை மூட உலைமூடி உண்டா? கோபத்தில் நான் கத்தினால் முகம் இன்னும் சிவக்கும். அதுவும் சாட்சியாகிவிடும்.

மனைவிதான் என்னை யாழ்ப்பாணத்துக்கு, தோல் டொக்டரிடம் இழுத்துப்போனாள். அந்த இளம் டொக்டர் என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"குடிக்கிறனீங்களோ?"

"ஐயோ, தேத்தண்ணி மட்டும்தான்" என்றாள் மனைவி. "கொதிக்கக் கொதிக்க, நாளைக்கு ஏழெட்டுத் தரம்."

"முகம் எரியிறதுக்கு அதுவும் காணும். ஐயா, இது பரு இல்லை, ரொசேசியா எண்ட தோல் வருத்தம். எங்கடை நிறத்திலை சிவப்பு வடிவாத் தெரியாது. அதாலை கனபேர் பிந்தித்தான் வருவினம். அந்தக் கிறீமை இனித் தொடாதேங்கோ."

முற்றாகப் போகாது, அடக்கி வைக்கலாம் என்றார். குளிசை, இரண்டு வேளை பூச ஒரு களிம்பு, வெயிலுக்கு ஒரு பூச்சு, தொப்பி. தேத்தண்ணி ஆறவேண்டும், உறைப்புக் குறையவேண்டும். யாழ்ப்பாணத்தானிடம் உறைப்பைக் குறைக்கச் சொல்வதும் மூச்சைக் குறைக்கச் சொல்வதும் ஒன்றுதான். ஒடியல் கூழை மிளகாய்த்தூள் போடாமல், ஆறவைத்துக் குடித்தேன். கூழுக்கே என்னைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்கும்.

நாலைந்து மாதத்தில் முகம் தெளிந்தது. அந்த நேரம் பார்த்து மகளுக்குக் கலியாணப் பேச்சு வந்தது. அவளோடு வேலை செய்யும் பெடியன், இருவருக்கும் விருப்பம். "அப்பா, கோபப்பட்டு இதைக் குழப்பிப் போடாதேங்கோ" என்று கண் கலங்கச் சொன்னாள். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் முதலில் பெண் வீட்டுக்கு வருவதில்லை, சந்திக் கடைக்குத்தான் வருவார்கள். பெடியனின் தகப்பனும் ஒரு சீப்புக் கதலிப்பழம் வாங்கிக்கொண்டு, என்னைப்பற்றி மெல்ல விசாரித்திருக்கிறார்.

அன்று பின்னேரம் கடைக்காரர் வீடு தேடி வந்தார்.

"மாஸ்டர், உங்களை விட்டுக்குடுப்பனோ? முந்திக் குடிச்சவர்தான், இப்ப அறவே விட்டிட்டார், முகத்தைப் பாத்தாலே தெரியும் எண்டு கோயில் பக்கம் கையைக் காட்டிச் சத்தியம் பண்ணினனான்!"

என் முகம் பற்றி எரிந்தது. பெடியனின் தகப்பனைத் தேடிப்போய் உண்மையைச் சொல்ல எழும்பினேன்.

"இஞ்சருங்கோ, இருங்கோ" என்றாள் மனைவி. "ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டுக்காரர் வருகினமாம்."

வந்தார்கள். காலை பத்து மணிக்கே தகப்பனிடம் சாராயம் மணத்தது. என்னைக் கிணற்றடிக்குத் தனியே கூட்டிப்போனார்.

"நானும் எத்தினை தரமோ விட்டுப் பாத்திட்டன், ஏலாமல் கிடக்கு. நீங்கள் எப்பிடி விட்டனீங்கள்?"

யன்னலுக்குள்ளால் மகள் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் குடித்ததே இல்லை என்று சொல்ல வாய் உன்னியது. வாழ்நாள் முழுக்கக் காத்த பெயர் அது. சொன்னால் இந்த மனிதர் வெட்கத்தில் அப்படியே திரும்பிப் போய்விடுவார் என்று தெரிந்தது. விழுங்கினேன்.

"தனிய ஏலாது" என்றேன். "டொக்டரிட்டைப் போனன். மனுசியும் கூட வந்தவ." இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

"என்னையும் கூட்டிக்கொண்டு போவியளோ?"

"ஓம், வாறன்."

கலியாணம் நடந்தது. இப்போது மாதம் ஒருமுறை சம்பந்தியும் நானும் ஒரே பஸ்ஸில் ஏறி, அவர் அவருடைய கிளினிக்குக்கும் நான் என்னுடையதுக்கும் போகிறோம். கடைக்காரர் எங்களைக் கண்டால் எழும்பி நிற்கிறார். சம்பந்தி விட்டு ஏழு மாதம். ஊர்க்கணக்கில், நான் விட்டு ஒன்றரை வருடம்.