செவ்வாயும் வெள்ளியும் கிளம்பாத வண்டி

மின்சார அலுவலகத்தில் அவருக்குப் பெயர் சீல். வீடு வீடாகப் போய் மீட்டரைத் திறந்து, யாராவது திருட்டுக் கம்பி இழுத்திருக்கிறார்களா என்று முகர்ந்து பார்த்து, மறுபடி ஈயச் சீல் வைத்துவிட்டு வருவது அவருடைய உத்தியோகம். இருபத்திரண்டு வருடமாக இதையே செய்ததில் பெற்றவர்கள் வைத்த பெயர் உதிர்ந்துபோய், சீல் மட்டும் ஒட்டிக்கொண்டது.

வேலையை வாசலோடு விட்டுவிட்டு வீட்டுக்குள் நுழைகிற ரகமும் இல்லை அவர். தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் பாட்டிலில், எண்ணெய் எதுவரை இருக்கிறது என்று பேனாவால் ஒரு கோடு இருக்கும். சர்க்கரை டப்பாவின் மூடிக்கும் உடம்புக்கும் குறுக்கே இன்னொரு கோடு. “நம்ம வீட்டுல எலி வந்தாக்கூட கையெழுத்துப் போட்டுட்டுத்தான் உள்ள வரணும்” என்பாள் மனைவி. அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டு வந்தார் சீல்.

இப்பேர்ப்பட்ட மனிதரின் மோட்டார் சைக்கிள்தான் இரண்டு மாதமாகக் கண்ணாமூச்சி காட்டிக்கொண்டிருந்தது. ஒரு நாள் சமர்த்தாகக் கிளம்பும். மறுநாள் உதைத்து உதைத்து முட்டி கழன்றாலும் இருமிவிட்டுப் படுத்துக்கொள்ளும். மெக்கானிக் அடுத்த தெருக்காரர். கடை வேலையை முடித்துக்கொண்டு பதினொரு மணிக்கு வருவார், ஒரே உதை உதைப்பார், வண்டி பாடும்.

“எங்கிட்ட நல்லாத்தான் பேசுது சார். உங்ககிட்ட மட்டும் என்ன கோவமோ!”

பிளக்கை மாற்றியாயிற்று, பேட்டரியை மாற்றியாயிற்று, கார்புரேட்டரைக் கழற்றிக் குளிப்பாட்டியாயிற்று. தான் எட்டு மணிக்குத் தொட்டால் பிணம், மெக்கானிக் பதினொரு மணிக்குத் தொட்டால் உயிர். இதில் ஏதோ கூட்டு இருக்கிறது என்று சீலுக்குப் பட்டது. கூட்டு என்றால் இரண்டாவது ஆள் வேண்டும். அவன் மாடி அறையில் இருந்தான்.

மைத்துனன். மனைவிக்கு உலகத்தில் மிச்சமிருந்த ஒரே உடன்பிறப்பு. கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவன். வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டதால், அடுத்தது கிடைக்கிறவரை அக்கா வீட்டில் இருக்கிறேன் என்று வந்தவன். வண்டி முதன்முதலாகப் படுத்தது அவன் வந்த மூன்றாம் நாள். சீல் இதைக் குறித்துவைத்திருந்தார்.

குறித்துவைக்கத் தனி நோட்டே உண்டு. அதைப் புரட்டிப் பார்த்தபோது ஒரு காலை அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. வண்டி படுத்த நாளெல்லாம் செவ்வாய், வெள்ளி. ஒன்றுகூடத் தப்பவில்லை. அதே நாட்களில்தான் மைத்துனன் விடிகிறதற்குள் எழுந்து குளித்து, ஈரத் தலையோடு நல்ல பிள்ளையாகப் பேப்பர் படித்துக்கொண்டிருப்பான். செவ்வாயும் வெள்ளியும்தான் குழாயில் தண்ணீர் வருகிற நாள், எல்லோரும்தான் சீக்கிரம் எழுந்துகொள்கிறார்கள் என்பது சீலின் கணக்கில் வரவில்லை. சந்தேகம் வந்துவிட்டால் குழாயையெல்லாம் யார் பார்க்கிறார்கள்?

“உன் தம்பி விடியறதுக்கு முன்னாடி வண்டிய எடுத்துக்கிட்டு எங்கயோ போறான்” என்றார் மனைவியிடம். “பெட்ரோல் குறையாதபடி ஏதோ தந்திரம் வெச்சிருக்கான்.”

“ஆமா, வாயால ஊதி ஓட்டுறான்.”

“சிரிக்காதே. இன்னொரு தடவை வண்டி நின்னுச்சு, மாடி ரூம் காலி. சொல்லிட்டேன்.”

அவள் சிரிப்பை நிறுத்தினாள். “அவன் போனா, தனியாப் போகமாட்டான்” என்றாள். அவ்வளவுதான். அதிகம் பேசுகிறவள் அல்ல. பேசினதைத் திருப்பி வாங்குகிறவளும் அல்ல.

சீல் பின்வாங்கவில்லை. வியாழக்கிழமை மாலை குந்தி உட்கார்ந்து, பின் டயரிலிருந்து தரைவரைக்கும் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தார். வண்டி ஓர் அங்குலம் நகர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். பேனாவோ சாக்பீஸோ, அவருடைய கோடு எப்போதும் புழு மாதிரிதான் நெளியும்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு வந்து பார்த்தார். கோடு உடையவில்லை. ஆனால் நெளியவும் இல்லை. அடிக்கோல் வைத்து இழுத்ததுபோல் நிமிர்ந்து நின்றது.

வண்டியை உதைத்தார். இருமிற்று. படுத்தது.

“மாப்ளே! கீழ இறங்கி வா!”

மைத்துனன் இறங்கி வந்தான். முடி ஈரம். சீல் கோட்டைச் சுட்டிக்காட்டினார்.

“இது யார் போட்டது?”

“நான்தான் அத்தான். அழிஞ்சுபோச்சு. நீங்க கோவிச்சுக்குவீங்கன்னு திரும்பப் போட்டு வெச்சேன்.”

“எப்படி அழிஞ்சுது? நீ வண்டிய எடுக்காம அது எப்படி அழியும்?”

“எடுக்கல. குழாய்கிட்டத் தள்ளிட்டுப் போனேன். சும்மா உக்காந்து சாப்பிடுறேனேன்னு, தண்ணி வர்ற அன்னைக்கெல்லாம் கழுவித் துடைச்சு வெச்சிடறது.”

சீல் வண்டியைப் பார்த்தார். பளபளத்தது. இரண்டு மாதமாகவே பளபளத்துக்கொண்டிருந்தது. தான் வாங்கிப் போட்ட உறையின் மகிமை என்று நினைத்திருந்தார். அழுக்கைக் கண்டால் துருவித் துருவிக் கேட்கிறவர், சுத்தத்தை ஒரு நாளும் விசாரித்ததில்லை.

“கழுவினானாம்! கழுவின வண்டிக்கு ஏன் உயிர் போகுது? எந்த ஒயரைப் பிடுங்குற?”

மைத்துனன் மாடிக்குப் போய் ஒரு பையோடு இறங்கினான். அதன் பக்கத்தில் மனைவி இன்னொரு பையைக் கொண்டுவந்து வைத்தாள். அவளுடையது. சீல் இரண்டு பையையும் மாறி மாறிப் பார்த்தார். ஆனாலும் விசாரணையைப் பாதியில் விடலாமா? மெக்கானிக்கைக் கையோடு இழுத்துவந்தார். அந்த ஆசாமி பல் துலக்கின வாயைத் துடைத்துக்கொண்டே, வண்டி கழுவின கதையைச் சீல் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு வந்தார்.

மணி ஏழுகூட ஆகவில்லை. வெயில் ஏறவில்லை. அன்றைக்குத்தான் முதல்முறையாக மெக்கானிக் உதைத்தும் வண்டி கிளம்பவில்லை.

“அப்படி வா வழிக்கு” என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார் மெக்கானிக். “கழுவுனா நிக்குது, காஞ்சா ஓடுது. அப்போ எங்கயோ தண்ணி இறங்குது. சீட்டைக் கழட்டிடலாம்.”

“சீட்டெல்லாம் வேணாமே” என்றார் சீல், அவசரமாக.

அந்தச் சீட்டுக்கு அடியில் இருந்தது அவர் போன வருடம் கதவைச் சாத்திக்கொண்டு தன் கையாலேயே பொருத்திய ரகசிய சுவிட்ச். அதைத் தட்டிவிட்டால் எந்தத் திருடனாலும் வண்டியைக் கிளப்ப முடியாது. மனைவிக்குச் சொல்லவில்லை. மெக்கானிக்குக்கு நிச்சயமாகச் சொல்லவில்லை. திருடன் கையிலும் மெக்கானிக் கையிலும் ஒரே ஸ்பேனர்தானே?

அதற்குள் சீட் கையோடு வந்துவிட்டது. டேப் சுற்றின சுவிட்சிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“அடப்பாவி!” என்றார் மெக்கானிக். “ஈரமானா பிளக்குக்குப் போற கரண்ட் இங்கயே கசிஞ்சிரும். பதினொரு மணிக்குள்ள காஞ்சிரும். நான் வந்து பேர் வாங்கிட்டுப் போயிடறேன். சார், இது கம்பெனி வெச்சது இல்ல. சுத்தத் திருட்டுக் கனெக்ஷன். வண்டி நிக்கணும்னே யாரோ வெச்சிருக்காங்க.”

யாரோ என்று சொன்னபோது மெக்கானிக்கின் பார்வை ஈரத் தலையின்மேல் போய் நின்றது. மனைவியும் தம்பியைப் பார்த்தாள். ஒரு கணம்தான், ஆனால் பார்த்தாள். மைத்துனன் குனிந்து பையின் பிடியைப் பற்றினான்.

சீல் சும்மா இருந்திருந்தால் போதும். இரண்டு மாத நோட்டும் சரியாகிப்போயிருக்கும். இருபத்திரண்டு வருடத்தில் இத்தனை சுலபமான கேஸ் அவருக்கு அமைந்ததில்லை. எத்தனை வீட்டுக் குடும்பத் தலைவர்கள், மீட்டருக்குப் பின்னாலிருந்த கம்பியைப் பார்த்து, “எனக்குத் தெரியாதுங்க” என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்! அப்போது அவர்கள் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அது தன் முகத்தில் ஏறுவது தெரிந்தது.

“நான்தான்” என்றார்.

“என்ன சார்?”

“நான்தான் வெச்சேன். எதுக்கும் இருக்கட்டும்னு.”

மெக்கானிக் சுவிட்சை வெட்டி எறிந்து, ஒயரை முறுக்கி டேப் போட்டார். பிறகு சொன்னார்: “ரெண்டு மாசமா என்னையும் சேத்துத்தானே சார் சந்தேகப்பட்டீங்க?”

“முதல்ல உங்களைத்தான்” என்றார் சீல். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது!

மனைவி தன் பையைத் தூக்கி உள்ளே வைத்தாள். தம்பியின் பையை அங்கேயே விட்டுவிட்டு அவரைப் பார்த்தாள். சீலுக்குப் புரிந்தது. முட்டி வலியோடு அந்தப் பையை மாடிவரைக்கும் தானே சுமந்தார்.

இறங்கிவரும்போது ஏதோ உறைத்து, நேராக எண்ணெய் பாட்டிலிடம் போனார். பிறகு சர்க்கரை டப்பாவிடம். எல்லாக் கோடுகளும் அடிக்கோல் வைத்ததுபோல் நேராக இருந்தன.

“இதெல்லாமும் நீதானா மாப்ளே?”

“எடுக்கிறப்பெல்லாம் அக்காதான் திரும்பப் போடச் சொன்னாங்க” என்றான் மைத்துனன்.

அடுத்த செவ்வாய் தண்ணீர் வந்தது. வண்டி குளித்தது. எட்டு மணிக்கு முதல் உதையிலேயே கிளம்பிவிட்டது. சீல் எஞ்சினை அணைத்து, இறங்கி, அதை ஒருமுறை சுற்றிவந்து பார்த்துவிட்டு மறுபடி ஏறினார்.