எண்ணூர் ரோட்டில் படித்த பி.ஏ.

தொர, உங்களைத்தான் கூப்பிடுகிறேன். ஊருக்கு நீங்கள் துரைக்கண்ணு, ஹார்பருக்கு டாலி கிளார்க்கு. என் வீட்டுக்காரரான உங்களை நான் கூப்பிடுவது தொர. நம் தெருப் படிப்பகத்துக்காரர்கள் உங்களைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தரச் சொல்லி ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நாலாம் வகுப்போடு நின்றுபோன கை இது. பக்கத்தில் இருந்தால் என் கோணல் எழுத்தைப் பார்த்துச் சிரிப்பீர்கள். சிரியுங்கள் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

சித்திரை மாதம் ஒரு புதன்கிழமை, உச்சி நேரம். ராயபுரத்தில் எங்கள் சந்துக் குழாயில் தண்ணீர் நின்று, குடத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். காதர் பாய் எதிரே வந்தார். என் வீட்டுக்காரரோடு ஒரே ஷெட்டில் கப்பல் மூட்டைகளை எண்ணி எழுதுகிற தோழர் அவர். அன்றைக்கு இரண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஒன்று அவருடையது. இன்னொன்றின் கேரியரில் நான் உட்காருவதற்காகக் கட்டிவைத்த பழைய போர்வை மடிப்பு இருந்தது.

"இன்னா பாய், பஞ்சரா? அவரு நடந்து வர்றாரா?" என்று கேட்டேன்.

பாய் சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். அது சரிந்தது. மறுபடி சாய்த்தார். "மூட்டை எண்ணிக்கினே இருந்தாரு தங்கச்சி. மாரு வலிக்குதுன்னு பெஞ்சில குந்தினாரு. அவ்ளோதாம்மா" என்றார்.

அதற்குப் பிறகு நான் அழுததை எழுதப்போவதில்லை. அவரை அறியாதவர்கள் இதைப் படிப்பார்கள். அவர்களுக்கு என் அழுகை எதற்கு? அவர் சிரித்த கதை இருக்கிறது, அதைச் சொல்கிறேன்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் எங்கள் கல்யாணம். என் அப்பா கத்திவாக்கத்தில் உப்பளத்து மேஸ்திரி. மாப்பிள்ளை காலேஜில் படித்தவர், ஒரே ஒரு பேப்பர்தான் பாக்கி என்று தரகர் சொன்னதும் அப்பாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் பி.ஏ. என்று அச்சடித்துவிட்டார். அம்மா பயந்து கேட்டதற்கு, "முகூர்த்தத்துக்கு இன்னும் ரெண்டு மாசம் கீதே, அதுக்குள்ள பாஸ் பண்ணிட மாட்டாரா? நீ ஒண்ணும் பேஜார் பண்ணாத" என்றாராம்.

அவர் பாஸ் பண்ணவில்லை. கல்யாணமான மறு வாரம் அந்தப் பத்திரிகையை என்னிடம் விரித்துக் காட்டினார். "சரோஜா, இதுல எல்லாம் நெசம். என் பேரு நெசம், உன் பேரு நெசம், தேதி நெசம். இந்த ரெண்டு எழுத்து மட்டும் பொய். உங்க அப்பா ஊரு பூரா குடுத்துட்டாரு. இத நெசமாக்கறது என் வேலை" என்றார். மடித்து டிரங்குப் பெட்டியில் துணிக்கு அடியில் வைத்தார். வேலை உயரும், சம்பளம் கூடும் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. அந்தக் காகிதம் பொய்யாக இருக்கக்கூடாது. அவ்வளவுதான் அவர் கவலை.

நின்றுபோன பேப்பர் இங்கிலீஷ் இலக்கியத்தின் வரலாறு. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் யார் யார் எந்தக் காலத்தில் எழுதினார்கள், ஒரு கூட்டம் எழுதியது பிடிக்காமல் அடுத்த கூட்டம் ஏன் வேறு மாதிரி எழுதியது, இதைத்தான் கேட்பார்களாம். விடியற்காலை முகத்தில் சோப்பு நுரையோடு அவர் பெயர்களாக முணுமுணுப்பார். முதலில் மந்திரம் என்று நினைத்தேன்.

"தொர, எந்த சாமிக்கு இவ்ளோ பேரு?"

"சாமி இல்ல. எழுத்தாளருங்க. எல்லாரும் தலைக்குள்ள கீறாங்க. ஆனா யாருக்குப் பின்னாடி யாருன்னு மட்டும் நிக்க மாட்டேங்குது. வரிசை மாறிடுச்சின்னா மார்க்கு போச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் ஞாயிற்றுக்கிழமை அவர் சைக்கிளில் என்னைக் கத்திவாக்கத்துக்கு அம்மா வீட்டுக்குக் கூட்டிப் போவது வழக்கம். "எங்க அம்மா வூட்டுக்குப் போற வழியில எதுக்குப் பின்னாடி எது வரும்னு நான் மறக்கறனா? காசிமேட்ட வுட்டுட்டு தண்டையார்பேட்ட வருமா? உங்க ஆளுங்கள ரோட்டு மேல குந்த வைங்க" என்று விளையாட்டுக்குச் சொன்னேன். அவர் நுரையைத் துடைக்கவே இல்லை. சவரக் கத்தியைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே எழுத்தாளர்கள் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். ராயபுரம் ரயில்வே ஸ்டேஷன் வாசலில் மிகப் பழைய கதைப் பாட்டுக்காரர்கள். காசிமேட்டில் மீன் ஏலம் நடக்கிற இடத்தில் நாடகக்காரர்கள், ஏனென்றால் அந்தக் காலத்து நாடகக் கொட்டகையில் பிரபுவும் கூலியும் சேர்ந்து நின்று கூச்சல் போடுவார்களாம். தண்டையார்பேட்டையில் ஒரு தையற்கடை. அங்கே எல்லாவற்றையும் அளந்து, ஓரம் மடித்து, அறிவே பெரிது என்று எழுதியவர்கள். அந்தக் கடைக்கு எதிரே எப்போதும் ஒரு போலீஸ்காரர் நிற்பார். சைக்கிளில் இரண்டு பேர் போகக்கூடாது என்பதால் நான் இறங்கி, யாரோ போல நடப்பேன். "பாத்தியா, ஒழுங்கும் சட்டமும் பேசின ஆளுங்கள சரியான எடத்துல குந்த வச்சிருக்கேன்" என்பார்.

திருவொற்றியூர் தாண்டிக் கடற்கரையோரம் சவுக்கு மரங்கள். அளவும் கட்டும் போதும் என்று உதறிவிட்டு மலையையும் மேகத்தையும் தங்கள் மனசையும் பாடின கவிஞர்களுக்கு அந்த இடம். பிறகு ரயில்வே கேட்டு. அது மூடினால் எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. அங்கே விக்டோரியா ராணி காலத்து நாவல்காரர்கள். பெரிய பெரிய கதைகளைத் துண்டு துண்டாகப் பத்திரிகையில் போட்டு ஊரையே காத்திருக்க வைத்தவர்கள். கேட்டுக்கு அப்பால் ரோடு குண்டும் குழியும். முதல் யுத்தம் முடிந்து, பழைய மாதிரி எழுத முடியாது என்று எல்லாவற்றையும் உடைத்துப் போட்டு எழுதியவர்கள் அங்கே. "படிச்சா இப்படித்தான் தூக்கிப் போடும்" என்று வேண்டுமென்றே பள்ளத்தில் ஏற்றுவார். நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அந்த எழுத்தாளர்களைத் திட்டுவேன்.

கடைசியில் எண்ணூர் கழிமுகம். தோணி ஏறிப் போனால் அக்கரை. அதுதான் அமெரிக்கா. காட்டுக்குள் தனியாகக் குடிசை போட்டு, மனுஷனுக்குள்ளேயே தெய்வம் இருக்கிறது என்று எழுதினவர்கள், எதுகை மோனை எதுவும் வேண்டாமென்று பேச்சாகவே பாடினவர்கள், எல்லாரும் அங்கேதான்.

சைக்கிளின் முன் கம்பியில் உட்கார வைக்க எங்களுக்கு ஒரு பிள்ளை அமையவில்லை. அந்த இடத்தில் அவருடைய நோட்டைக் கட்டி வைத்திருப்போம். பின்னாலிருந்து நான் "காசிமேடு!" என்பேன். அவர் பெயர்களைக் கொட்டுவார். ஒன்று குறைந்தால் முதுகில் ஒரு குத்து.

அந்த வருஷம் பரீட்சை எழுதிவிட்டு வந்து தட்டின் முன் உட்கார்ந்தார். கருவாட்டுக் குழம்பு ஊற்றினேன். சிரிக்க ஆரம்பித்தார். சாப்பிட முடியவில்லை, அப்படிச் சிரிப்பு.

"சவுக்குத் தோப்பு வந்துச்சு சரோஜா. பெரிய கேள்வி. கண்ண மூடினேன். மரம் வந்துச்சு, காத்து வந்துச்சு, நீ வேர்க்கடல உரிச்சி குடுக்கற. கவிஞனுங்க ஒருத்தன்கூட வரல."

குற்றம் என்னுடையது. அந்த இடத்தில் சைக்கிளை நிறுத்தி, அவித்த வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரிப்போம். அவர் பாடம் ஆரம்பித்தால், "இங்க மட்டும் வாய மூடிக்கினு கடலப் பாருங்க" என்று அடக்கிவிடுவேன். பாடம் சொல்லாத ஒரே இடம் அதுதான். நான் முகம் வாடியதும் அவர், "அவனுங்களே பரீட்சை எழுதியிருந்தாலும் கடலத்தான் பாத்துக்கினு இருப்பானுங்க. நான்தான் அவனுங்கள சரியா புரிஞ்சிக்கினேன்" என்றார். மார்க்குக் கொடுத்தவருக்கு அது புரியவில்லை.

டிராம் நின்றுபோன வருஷம் மறுபடி எழுதினார். இந்த முறை சவுக்குத் தோப்பில் மரத்துக்கு ஒரு கவிஞர் என்று கட்டிப்போட்டிருந்தோம். ஆனால் கேள்வி ரயில்வே கேட்டில் விழுந்தது. எத்தனை ஞாயிற்றுக்கிழமை அந்த வெயிலில் நின்றிருக்கிறோம்! ஒவ்வொரு நாவல்காரரைப் பற்றியும் பக்கம் பக்கமாக அவருக்குத் தெரியும். எழுத ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. மணி அடித்துவிட்டது. மீதிக் கேள்விகள் அப்படியே நின்றன.

"கேட்டு தொறக்கவே இல்ல சரோஜா" என்றார்.

இதை நான் யாரிடமோ சொல்ல, சந்து முழுக்கப் பரவிவிட்டது. குழாயடியில் பக்கத்து வீட்டு முனியம்மா குடத்தை வைத்துக்கொண்டே, "இன்னாடி சரோசா, உன் தொர இந்த வாட்டியும் கேட்டாண்டையே நின்னுட்டாராமே?" என்பாள்.

"ரயிலு போனா கேட்டு தொறந்துதாண்டி ஆவணும். உன் வாயி மாதிரியா, எப்பவும் தொறந்தே கீறதுக்கு?" என்பேன்.

கேலி செய்தாலும் பரீட்சை மாதத்தில் அவர் படிக்கிற காலை நேரத்தில் முனியம்மா குழாயடியில் யாரையும் சண்டை போட விடமாட்டாள். "தொர படிக்குது, கம்முனு கெட!" என்று அவள் போடுகிற சத்தம்தான் பெரிதாகக் கேட்கும்.

இரண்டு வருஷம் முன்பு ஓர் அமெரிக்கக் கப்பல் வந்து நின்றது. அதன் சமையல்காரர் நல்ல கறுப்பு, ஆறடிக்கு மேல் உயரம். நிழலுக்காக டாலி ஷெட்டில் ஒதுங்கினவருக்கு என் வீட்டுக்காரர் தன் டிபன் பாக்ஸிலிருந்து எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தாராம். அந்த மனிதருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டதாம், காரத்தில். கப்பல் புறப்படும் வரை தினமும் வந்து கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். போகும்போது தன் இனத்துக்காரர்கள் எழுதிய ஒரு மெல்லிய கவிதைப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கழிமுகத்துக் கரையில் உட்கார்ந்து என் வீட்டுக்காரர் அதை எனக்குத் தமிழில் சொன்னார். ஒரு பாட்டு சொல்லி நிறுத்தினார். அவர் முகத்தில் சிரிப்பில்லாமல் நான் பார்த்த சில நேரங்களில் அது ஒன்று.

"இவங்க பாட்டன் பாட்டிய கப்பல்ல ஏத்திக்கினு போனாங்க சரோஜா. நான் எண்றேன் பாரு மூட்டை, அப்படி எண்ணி ஏத்தினாங்க. அடிமையா வித்தாங்க. இப்ப பேரப் புள்ளைங்க பேனா எடுத்துட்டாங்க. அமெரிக்காவுல ஒரு பட்டணத்துல ஒரு பேட்டை பூரா பாட்டும் கதையுமா எழுதறாங்களாம். இவங்கதான் நம்ம ஆளுங்க."

"பரீட்சைக்கு வருமா?"

"வராது. பாடப் புஸ்தகத்துல இவங்க பேரே இல்ல."

"நீங்க எழுதினா வந்துட்டுப் போவுது."

அவர் என்னைப் பார்த்தார். முகத்தில் சவர நுரை இல்லை, கையில் கத்தி இல்லை. ஆனால் அன்றைக்குப் பார்த்த அதே பார்வை.

இந்த வருஷம் பங்குனியில் கடைசியாக எழுதினார். வீட்டுக்கு வந்தவரைத் தட்டின் முன் உட்காரவைத்து, "எந்த ஊரு வந்துச்சு?" என்று கேட்டேன்.

"சொல்ல மாட்டேன். ஒவ்வொரு வாட்டியும் சொன்னேன், ஒவ்வொரு வாட்டியும் ஃபெயிலு. ரிசல்ட்டு வரட்டும். தோணி ஏறி அக்கரைக்குப் போய் குந்திக்கினு மொத்தமா சொல்றேன்."

நானும் விடவில்லை. கொஞ்சினேன், திட்டினேன், ஒரு நாள் குழம்பு வைக்கவில்லை. மனுஷர் வெறும் மோர் சோறு சாப்பிட்டுவிட்டுச் சிரித்தார். அவர் போவதற்கு முந்தின நாள்கூட, "ஒரே ஒரு ஊரு பேரு சொல்லுங்க தொர" என்று கேட்டேன். "ரகசியம்" என்றார்.

பதினாறாம் நாள் காரியப் பத்திரிகை அச்சடிக்கப் போனபோது அச்சாபீஸ்காரர் மரியாதையாக, "பேருக்குப் பின்னாடி பி.ஏ. போட்டுடலாமாம்மா? யாரு கேக்கப்போறாங்க?" என்றார். அப்பாவும் என்னைப் பார்த்தார்.

"வாணாம். ஒரு வாட்டி போட்டதுக்கே அந்த மனுசன் பன்னெண்டு வருசம் சைக்கிள் மிதிச்சாரு" என்றேன். வெறும் துரைக்கண்ணு என்றே அச்சானது.

போன வாரம் காலையில் காதர் பாய் ரிசல்ட்டு வந்த பேப்பரை ஆட்டிக்கொண்டு சந்துக்குள் ஓடி வந்தார். இந்த முறை சைக்கிள் இல்லை, செருப்புகூட இல்லை. ஹால் டிக்கெட் நம்பர் எனக்கு மனப்பாடம். பாய் விரல் வைத்த இடத்தில் அது இருந்தது. முனியம்மாதான் குடத்தைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினாள்:

"கேட்டு தொறந்துடுச்சிடீ!"

சந்தே சிரித்தது. சிரித்துக்கொண்டே எல்லாரும் அழுதோம். அப்பா அன்று சாயங்காலம் வந்து, டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்த கல்யாணப் பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். "பாஸ் பண்ணிடுவாருன்னு நான்தான் அன்னிக்கே சொன்னேனே" என்றார். அதில் இப்போது எல்லாமே நிஜம். என் பெயர், உங்கள் பெயர், தேதி, அந்த இரண்டு எழுத்து.

இந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி எண்ணூருக்குப் போனேன். தனியாகத் தோணி ஏறினேன். அக்கரையில் இறங்கி, அந்த மெல்லிய புத்தகத்தையும் ஒரு பொட்டலம் வேர்க்கடலையையும் மணலில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். பாஸாகிவிட்டீர்கள். சந்தோஷமாக இருக்கிறேன், சத்தியமாக. போய் வாருங்கள், துரைக்கண்ணு பி.ஏ. அவர்களே. இதை என் கையால் எழுதிவிட்டேன், கோணலாகத்தான்.

நீங்கள் சொன்ன இடத்துக்கு வந்துவிட்டேன் தொர. ரிசல்ட்டும் வந்துவிட்டது. இப்போதாவது சொல்லுங்கள். அன்றைக்குப் பரீட்சையில் பாடப் புத்தகத்தில் இல்லாத அந்த நம்ம ஆளுங்களைப் பற்றி எழுதினீர்களா?