தண்ணீருக்குள் இறங்கும் சாலை

பழைய அச்சுத்தாள் ஒன்றின் பின்பக்கத்தில், நீலப் பேனாவால் வரைந்த ஒரு வரைபடம் என்னிடம் இருக்கிறது. சுற்றிலும் மலை, நடுவே கிண்ணம்போல ஒரு நகரம், இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில் ஏரி. அதற்கு மேலே, அணை தேக்கிய இன்னொரு பெரிய ஏரி. அதன் கரைக்கு வரும் சாலை அங்கே நிற்காமல், புள்ளிபுள்ளியாகத் தண்ணீருக்குள் இறங்குகிறது. வரைந்தவர், அமெரிக்காவில் நியூஜெர்சியின் பார்சிப்பனி அலுவலகத்தில் எனக்கு மேலாளராக இருந்த கொரியாக்காரர். அவர் ஊர் சுன்சன்.

என் கருவாட்டுக் குழம்பும் அவருடைய கிம்ச்சி ஊறுகாயும் மைக்ரோவேவ் பக்கம் யாரையும் அண்டவிடாததால், மதியத்தில் நாங்கள் இருவர்தான் ஒரே மேசை. வழி சொல்வதுபோலத்தான் அவர் ஊர்க்கதை சொல்வார். கொரியப் போரில் நகரம் கைமாறிக் கைமாறித் தரைமட்டமானது, மறுபடி கட்டினார்கள், பிறகு அணைகள் வந்தன. ஏரிகள் வந்தபின் காலைப்பனியில் பள்ளிக்கூடப் பேருந்தின் எண்கூடத் தெரியாதாம். மேலே இருந்த அவர்களுடைய கிராமம் பெரிய ஏரிக்குள் போய்விட்டது. எங்கள் தாத்தாவின் ஊரும் மேட்டூர் அணைக்குள்தான் இருக்கிறது என்றேன். தண்ணீர் இறங்கினால் என்ன தெரியும் என்று கேட்டார். மூழ்கிப்போன கோயிலின் நந்தி தெரியும் என்றேன். டப்பாவை மூடிக்கொண்டே, "எங்களுடையது ரொம்ப ஆழம். எதுவும் தெரியாது" என்றார்.

2008 இலையுதிர்காலத்தில் ஆட்குறைப்பு தொடங்கியது. மேல்மாடி இயக்குநர் என்னைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: உன் மேலாளருடைய வேலையையும் நீ தனியாகப் பார்க்க முடியுமா? என் கிரீன் கார்டு ஆறு வருடமாக வரிசையில் கிடந்தது. வேலை போனால் மகளின் பள்ளிக்கூடம், வீடு எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான். கேள்வியின் பொருள் எனக்கு நன்றாகவே புரிந்தது. "முடியும்" என்றேன்.

"ஏங்க, இதுல யோசிக்க என்ன இருக்கு? நோ சொல்லியிருந்தா ரெண்டு பேரையும் லே-ஆஃப் பண்ணியிருப்பாங்க" என்றாள் மனைவி. இருக்கலாம். அன்று எனக்கு நன்றாகவே தூக்கம் வந்தது. இப்போது அதை நினைத்தால்தான் வெட்கமாக இருக்கிறது.

அந்த வெள்ளிக்கிழமை காலை, அட்டைப்பெட்டியோடு அவர் வந்தார், பக்கத்தில் காவலாளி. அப்படி ஒருவர் போகும்போது யாரும் தலைதூக்கக் கூடாது என்பது எங்கள் அலுவலகத்தில் எழுதாத மரியாதை. நானும் திரையையே பார்த்தேன். அதில் எதுவும் திறந்திருக்கவில்லை. என் மேசையருகே நின்று இந்தத் தாளை வைத்தார். "என் ஊரைப் பற்றிக் காது கொடுத்துக் கேட்டவன் நீ ஒருவன்தான். வைத்துக்கொள்" என்றார். திரையைப் பார்த்தபடியே நன்றி சொன்னேன்.

மறு வருடம் கார்டு வந்தது. கோடையில் மேட்டூர் போனோம். நீர்மட்டம் இறங்கி, நந்தி முழுதாக வெளியே உட்கார்ந்திருந்தது. படம் எடுத்து, அவருடைய மின்னஞ்சல் முகவரியைத் தட்டினேன். படத்தோடு அந்த "முடியும்" பற்றியும் எழுத வேண்டியிருக்கும் என்று தோன்றியது. அழித்துவிட்டேன்.

போன வாரம் மகள் இந்தத் தாளைப் பார்த்துவிட்டாள்.

"வை இஸ் த ரோட் கோயிங் இன்டு த வாட்டர், அப்பா?"

"அந்த அங்கிளோட ஊரு உள்ள இருக்கும்மா."

"கேன் யூ ஸீ இட்?"

"தெரியாதும்மா. ரொம்ப ஆழம்" என்று சொல்லி, தாளை வாங்கி மடித்துவைத்தேன்.